நெபுலா எப்போது, எங்கே தெரியும்? கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் முறை

கைபேசிச் செயலியில் ஒரு நெபுலாவின் (விண்வெளியிலுள்ள வாயு, தூசு மேகத்தின்) பெயரைத் தட்டினால், அது இந்த நிமிடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அம்புக்குறி காட்டிவிடும். அந்தத் திசையைப் பார்த்து நின்றால் பெரும்பாலும் வெறும் வானம்தான் தெரியும். செயலி சொன்னது சரியே. ஆனால் அது பதில் சொன்னது மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும்தான். நெபுலா தொடுவானத்துக்கு மேலே போதிய உயரத்தில் இருக்கிறதா? அந்த நேரத்தில் சூரியனும் நிலவும் விலகி வானம் இருட்டாக இருக்கிறதா? அந்த இருட்டின் மேல் தனித்துத் தெரியும் அளவுக்கு நெபுலாவின் பரப்பில் ஒளி இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால்தான் பார்க்க முடியும். முதல் இரண்டையும் தாளில் ஐந்து நிமிடத்தில் கணக்கிடலாம். ஏமாற்றங்கள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் நேர்கின்றன. அதனால் அதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

முகவரி: இரண்டு எண்கள்

எந்த அட்டவணையை எடுத்தாலும் ஒவ்வொரு நெபுலாவுக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வல ஏற்றம். இது 0 முதல் 24 மணி வரை போகும். வானத்தின் தீர்க்கரேகை என்று இதை வைத்துக்கொள்ளலாம். மற்றது நடுவரை விலக்கம். வான நடுவரையிலிருந்து (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோட்டிலிருந்து) வடக்கே எத்தனை டிகிரி (+), தெற்கே எத்தனை டிகிரி (−) என்று சொல்வது. ஓரியன் நெபுலா எனப்படும் எம் 42-க்கு இவை 5 மணி 35 நிமிடம், −5.4° (எம், என்ஜிசி என்பவை வான்பொருள் பட்டியல்களின் பெயர்ச்சுருக்கங்கள்). நடுவரை விலக்கம் "உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும்" என்பதைத் தீர்மானிக்கிறது. வல ஏற்றம் "எந்த மாதம், எத்தனை மணிக்கு" என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

எவ்வளவு உயரம் வரும்?

வடதிசையில் தொடங்கித் தலைக்கு நேர்மேலாகத் தென்திசை வரை போகும் கற்பனைக் கோட்டை உச்சிக்கோடு என்போம். அதைக் கடக்கும்போதுதான் எந்த வான்பொருளும் அன்றைய அதிகபட்ச உயரத்தில் இருக்கும். அந்த உயரம்:

90 − (உங்கள் அட்சரேகைக்கும் நெபுலாவின் நடுவரை விலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்)

தனுசு ராசியிலுள்ள லகூன் நெபுலாவை, எம் 8-ஐ, எடுத்துக்கொள்வோம். நடுவரை விலக்கம் −24.4°. 10° வடக்கில் இருப்பவருக்கு வித்தியாசம் 34.4. ஆகவே உச்ச உயரம் 55.6°. 45° வடக்கில் இருப்பவருக்கு வித்தியாசம் 69.4. உச்ச உயரமே 20.6° தான். முதலாமவருக்கு அது ஓர் இரவில் ஆறரை மணி நேரத்துக்கும் மேலாக 30°-க்கு மேல் நிற்கும். இரண்டாமவருக்கு ஒரு நாளும் அந்த உயரத்தை எட்டாது. தெற்கே 35°-இல் இருப்பவருக்கு இதே சிக்கல் வடக்கு நெபுலாக்களில் வரும். வளைய நெபுலா எம் 57 (+33°) அவருக்கு 22° உயரம் மட்டுமே ஏறும்.

30° என்ற எல்லைக்குக் காரணம் உண்டு. அந்த உயரத்தில், தலைக்கு மேலே பார்ப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றைத் துளைத்து ஒளி வருகிறது. 20°-இல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, 10°-இல் ஐந்தரை மடங்கு. தூசும் ஈரமும் ஊர் விளக்கு வெளிச்சமும் அங்கேதான் குவிந்திருக்கும். நட்சத்திரம் இதைத் தாங்கும், நெபுலா தாங்காது. நெபுலாவின் உச்சமே 20° என்றால், அது உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் மட்டுமே உங்களுக்கான வாய்ப்பு. வித்தியாசம் 90-ஐத் தாண்டினால் அது உங்களுக்கு உதிக்கவே உதிக்காது. கரினா நெபுலா (−59.9°) 30° வடக்குக்கு அப்பால் தெரியாமல் போவது இதனால்தான்.

உச்சிக்கோட்டில் அது தெற்குப் பக்கம் நிற்குமா, வடக்குப் பக்கம் நிற்குமா என்பதும் இதே எண்களில் இருக்கிறது. நடுவரை விலக்கம் உங்கள் அட்சரேகையைவிடக் குறைவாக இருந்தால் தெற்கே. அதிகமாக இருந்தால் வடக்கே.

எந்த மாதம், எத்தனை மணி?

நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட 3 நிமிடம் 56 விநாடி முன்னதாக உதிக்கின்றன. நான்கு நிமிடம் என்றே வைத்துக்கொள்ளலாம். 15 நாளில் ஒரு மணி நேரம், ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம். இதிலிருந்து மனக்கணக்காகவே போடக்கூடிய சூத்திரம் ஒன்று கிடைக்கிறது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதியை ஒட்டி இரவு 9 மணிக்கு உச்சிக்கோட்டில் இருக்கும் வல ஏற்றம்:

மாத எண் × 2 + 2

ஆகஸ்ட் 8-ஆவது மாதம். 8 × 2 + 2 = 18. அதாவது ஆகஸ்ட் 5 வாக்கில் இரவு 9 மணிக்கு 18 மணி வல ஏற்றமுள்ளவை உச்சியில் இருக்கும். எம் 8-இன் வல ஏற்றம் 18 மணி 4 நிமிடம். ஆக அதன் காலம் அதுதான். விடை 24 அல்லது அதற்கு மேல் வந்தால் 24-ஐக் கழித்துவிடுங்கள். 5-ஆம் தேதிக்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 4 நிமிடம் கூட்டுங்கள். 9 மணிக்குப் பதில் வேறு நேரம் என்றால் அந்த வித்தியாசத்தை அப்படியே கூட்டுங்கள், அல்லது கழியுங்கள். இப்படிக் கிடைப்பதுதான் உங்கள் இடத்தின் விண்மீன் நேரம்.

ஓர் எடுத்துக்காட்டு. அக்டோபர் 20, இரவு 8 மணிக்கு டம்பெல் நெபுலா எம் 27 (20 மணி 0 நிமிடம், +22.7°) எங்கே இருக்கும்? அக்டோபர் 5, இரவு 9-க்கு 22 மணி. 20-ஆம் தேதிக்கு ஒரு மணி கூடி 23. எட்டு மணிக்கு ஒன்று குறைந்து 22. இதிலிருந்து நெபுலாவின் வல ஏற்றத்தைக் கழித்தால் 2. விடை நேர் எண் என்றால் நெபுலா உச்சிக்கோட்டைக் கடந்து மேற்கே சாய்ந்துவிட்டது. எதிர் எண் என்றால் இன்னும் கிழக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு மணிக்கு 15° வீதம், இங்கே இரண்டு மணி நேரம் கடந்திருக்கிறது. 10° வடக்கில் இருப்பவருக்கு அப்போதும் அது 60°-க்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும். பார்க்கத் தாராளம். விடை −3 முதல் +3 வரை இருந்தால் பொதுவாக நல்ல நேரம். 12-க்கு மேல் வந்தால் 24-ஐக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

இந்தச் சூத்திரத்தில் பிழை நுழையும் இடங்கள் இரண்டு. உங்கள் நேர மண்டலத்தின் அடிப்படைத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் 4 நிமிடம் தாமதமாகவும், கிழக்கே இருந்தால் அதே அளவு முன்னதாகவும் எல்லாம் நடக்கும். கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடுகளில், கணக்கு போடும் முன் அந்த ஒரு மணியைக் கழிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம் வரைகூடத் தவறலாம்.

கணக்கே வேண்டாம் என்றால் வானத்தையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். உச்சிக்கோட்டில் ரோகிணி நின்றால் விண்மீன் நேரம் 4 மணி 36 நிமிடம். திருவாதிரை நின்றால் 5:55, மகம் 10:08, சித்திரை 13:25, கேட்டை 16:29, திருவோணம் 19:51. இந்த ஆறையும் அடையாளம் தெரிந்தவருக்கு நேர மண்டலமும் தேவையில்லை, தேதியும் தேவையில்லை. வானம் பார்க்கப் பழகுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தேடத் தகுந்த சில நெபுலாக்களும், இரவு 9 மணிக்கு அவை உச்சியில் இருக்கும் காலமும்:

ஓரியன் நெபுலா, எம் 42: 5 மணி 35 நிமிடம், −5.4°, ஜனவரி கடைசி
நண்டு நெபுலா, எம் 1: 5 மணி 35 நிமிடம், +22°; ஜனவரி கடைசி
ரோசெட், என்ஜிசி 2237: 6 மணி 32 நிமிடம், +5°, பிப்ரவரி நடு
கரினா, என்ஜிசி 3372: 10 மணி 45 நிமிடம், −59.9°, ஏப்ரல் நடு
லகூன், எம் 8: 18 மணி 4 நிமிடம், −24.4°, ஆகஸ்ட் முதல் வாரம்
வளையம், எம் 57: 18 மணி 54 நிமிடம், +33°, ஆகஸ்ட் மூன்றாம் வாரம்
டம்பெல், எம் 27: 20 மணி 0 நிமிடம், +22.7°, செப்டம்பர் முதல் வாரம்
வட அமெரிக்கா, என்ஜிசி 7000: 20 மணி 59 நிமிடம், +44.5°, செப்டம்பர் மூன்றாம் வாரம்
ஹீலிக்ஸ், என்ஜிசி 7293: 22 மணி 30 நிமிடம், −20.8°, அக்டோபர் நடு

இவை மாலை நேரத்துக்கான நாட்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பார்க்க வேண்டுமென்றால் நான்கு மணி நேரம் தள்ளி, இரவு ஒரு மணிக்குப் பாருங்கள். நெபுலா அதே இடத்தில் இருக்கும். விடியற்காலையில் எழத் தயங்காதவருக்குப் பருவம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் காலம் மட்டும் வீண். எம் 42-க்கு அது மே கடைசி முதல் ஜூலை வரை, எம் 8-க்கு டிசம்பரை ஒட்டி.

இருட்டு

சூரியன் மறைந்தவுடன் இரவு வந்துவிடுவதில்லை. அது தொடுவானத்துக்கு 18° கீழே போன பிறகே வானம் முழு இருட்டாகிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் இதற்கு 70 முதல் 80 நிமிடம் ஆகும். வடக்கே போகப்போக நீளும். 48.5° வடக்குக்கு மேல் ஜூன் 21-ஐ ஒட்டிய இரவுகளில் முழு இருட்டு வருவதே இல்லை. தனுசு ராசி நெபுலாக்கள் அங்கே கைக்கு எட்டாமல் போவதற்கு இது இரண்டாவது காரணம். தாழ்வாகவும் இருக்கின்றன, அவை நள்ளிரவில் உச்சியில் நிற்கும் பருவத்தில் இரவும் வெளுத்திருக்கிறது.

நிலவைப் பொறுத்தவரை, அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்களைக் குறித்துக்கொண்டால் போதும். வளர்பிறைப் பாதி நிலவு நள்ளிரவு வாக்கில் மறையும். தேய்பிறைப் பாதி நிலவு நள்ளிரவு வாக்கில் உதிக்கும். ஆகவே வளர்பிறையில் பின்னிரவும் தேய்பிறையில் முன்னிரவும் உங்களுடையவை. பௌர்ணமிக்குப் பிறகு நிலவு நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். ஐந்து நாள் கழிந்தால் மாலையில் சில மணி நேர இருட்டு கிடைத்துவிடும்.

பிரகாச எண் ஏமாற்றும்

இப்போது மூன்றாவது கேள்வி. அட்டவணைகளில் மேக்னிட்யூட் என்ற பிரகாச எண் இருக்கும். எண் குறைந்தால் ஒளி அதிகம். வட அமெரிக்கா நெபுலாவுக்கு 4, வளைய நெபுலாவுக்கு 8.8. இதைப் பார்த்துவிட்டு முதலாவதுதான் எளிது என்று கிளம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. காரணம், அந்த எண் நெபுலாவின் மொத்த ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்தால் வரும் கணக்கு. வட அமெரிக்கா நெபுலாவின் ஒளி வானத்தில் நான்கு நிலவுகளை வரிசையாக வைத்த அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. வளையமோ ஒன்றரை ஆர்க்நிமிடத்துக்குள் (ஆர்க்நிமிடம் என்பது ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) அடங்கிவிடுகிறது.

பரப்பொளியைக் கணக்கிட்டால் உண்மை தெரியும்:

பரப்பொளி = பிரகாச எண் + 2.5 × மடக்கை (நீளம் × அகலம் × 0.785)

நீள அகலங்கள் ஆர்க்நிமிடத்தில். மடக்கை 10-ஐ அடிமானமாகக் கொண்டது. வளையத்துக்கு (1.4 × 1.0) விடை 8.9. வட அமெரிக்காவுக்கு (120 × 100) 13.9. ஐந்து எண் வித்தியாசம் என்றால், ஒரே அளவு பரப்பை ஒப்பிடும்போது வளையம் நூறு மடங்கு பளிச்சென்று இருக்கிறது. எம் 27-க்கு 11.3, எம் 1-க்கு 11.6.

இதை உங்கள் வானத்தோடு ஒப்பிடுங்கள். எஸ்கியூஎம் என்ற வான் ஒளிமானியோ, ஒளிமாசு வரைபடமோ வானத்தின் ஒளியை, ஒரு சதுர ஆர்க்விநாடிக்கு (ஆர்க்விநாடி என்பது ஆர்க்நிமிடத்தில் 60-இல் ஒரு பங்கு) இவ்வளவு பிரகாச எண் என்று சொல்லும். அதிலிருந்து 8.9-ஐக் கழித்தால் மேலே போட்ட கணக்கின் அலகுக்கு வந்துவிடும். மிக இருண்ட இடத்தில் 22 என்றால் 13.1. நகர நடுவில் 18 என்றால் 9.1. வளையத்தின் 8.9 நகர வானத்தோடு சமமாக நிற்கிறது, அதனால் நகரத்திலும் தெரியும். எம் 27-இன் 11.3, நகர வானத்தைவிட 2.2 எண் மங்கல். அங்கே அது சிரமம். புறநகரின் 20-க்கு, அதாவது 11.1-க்கு, வந்துவிட்டால் எளிதாகிவிடும். 13.9 உள்ள வட அமெரிக்கா, உலகின் மிக இருண்ட வானத்தையும்விட மங்கல். அதைப் பார்ப்பது என்பது இருட்டின் மேல் ஒரு மெல்லிய கூடுதல் வெளுப்பைப் பிரித்தறிவதுதான். எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொண்டு போனால் அது பெரிய மகிழ்ச்சி தரும் காட்சி.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். எம் 42, எம் 8, கரினா போன்றவற்றில் நடுப்பகுதி ஓரத்தைவிடப் பலமடங்கு ஒளிரும். சராசரி எடுத்தால் எம் 42-க்கு 13 வருகிறது. ஆனால் அதன் மையம் நகரத்திலிருந்தே பைனாகுலரில் தெரியும். இந்த மூன்றுக்கும் கணக்கை நம்பாமல் நேராகப் போய்ப் பாருங்கள்.

பெரிய தொலைநோக்கி வாங்கினால் தீருமா? தொலைநோக்கியால் பரப்பொளியை வெறுங்கண்ணில் உள்ளதைவிடக் கூட்ட முடியாது. அது உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும்; கண் மங்கலான பெரிய உருவத்தை, மங்கலான சிறிய உருவத்தைவிட எளிதில் பிடிக்கும். பலன் அவ்வளவுதான். வானத்தின் வெளுப்பும் அதே விகிதத்தில் கூடவே வருகிறது. இருண்ட இடத்துக்கு எடுத்துச் சென்ற 10×50 பைனாகுலர், நகர மாடியில் நிற்கும் பெரிய தொலைநோக்கியைப் பெரிய நெபுலாக்களில் வென்றுவிடும்.

வானத்தின் வெளுப்பை மட்டும் குறைக்கும் வழி வடிகட்டி. யுஎச்சி வடிகட்டி ஹைட்ரஜனின் 486.1 நானோமீட்டர் கோட்டையும் ஆக்சிஜனின் 495.9, 500.7 கோடுகளையும் விட்டுவிட்டு மற்ற ஒளியைத் தடுக்கும். ஓ-3 வடிகட்டி ஆக்சிஜன் கோடுகளை மட்டும் விடும். வெய்ல் (Veil, முகத்திரை) நெபுலாவுக்கும் ஹீலிக்ஸுக்கும் இதற்கு இணையில்லை. குதிரைத்தலை நெபுலாவுக்கு, ஹைட்ரஜனின் 486.1 கோட்டை மட்டும் விடும் எச்-பீட்டா வடிகட்டி. கார்த்திகையைச் சூழ்ந்த நீல மங்கல், எம் 78 போன்றவை நட்சத்திர ஒளியை எதிரொளிப்பவை. அவற்றின் ஒளி எல்லா அலைநீளத்திலும் பரவியிருப்பதால் எந்த வடிகட்டியும் உதவாது. இருட்டான இடத்துக்குப் போவது ஒன்றே வழி.

மென்பொருளில் சரிபார்த்தல்

ஸ்டெல்லேரியம் இலவசம். கணினிப் பதிப்பில் எஃப்6 அழுத்தி இடத்தையும், எஃப்5 அழுத்தித் தேதி நேரத்தையும் கொடுங்கள். எஃப்3-இல் நெபுலாவின் எண்ணைத் தேடுங்கள். அது எழுதிக் காட்டும் உயரத்தையும் திசைக்கோணத்தையும் உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் நேர மண்டலம்தான் தவறாக இருக்கும். எஃப்10-இல் திறக்கும் வானியல் கணக்கீட்டுச் சாளரத்தில், நேரத்துக்கு எதிராக உயரத்தைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. அது 30°-ஐத் தாண்டும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் அந்த இரவுக்கான திட்டம் தயார்.

மென்பொருள் காட்டும் வண்ணப்படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஏறக்குறைய தெரியவே தெரியாது. நீங்கள் தேட வேண்டியது சாம்பல் நிறப் புகைத்திட்டு.

வானத்தில் பிடிப்பது

கைபேசியின் திசைகாட்டியைக் கடைசி அடிக்கு நம்பக்கூடாது. பக்கத்தில் கார், இரும்புக் கம்பி, காந்தம் வைத்த உறை எது இருந்தாலும் 10–20° விலகும். தெரிந்த நட்சத்திரத்திலிருந்து படிப்படியாக நகர்வதே நிச்சயமான வழி. கையை முழுதாக நீட்டினால் மூடிய முஷ்டியின் அகலம் 10°, நடு மூன்று விரல்கள் 5°, சுண்டுவிரல் 1°.

எம் 42: ஓரியனின் இடைப்பட்டையிலுள்ள மூன்று நட்சத்திரங்களின் நடுவிலிருந்து தெற்கே சற்று 4°-க்கு மேல். எம் 57: வேகா என்ற பிரகாசமான நட்சத்திரத்துக்கு அருகே ஷெலியாக், சுலாஃபட் என்ற இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையில், ஷெலியாக்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு தூரம். பைனாகுலரில் நட்சத்திரம்போலவே தெரியும். வளையமாகப் பார்க்கத் தொலைநோக்கியும் 50 மடங்குக்கு மேல் உருப்பெருக்கமும் வேண்டும். எம் 27: சகிட்டா என்ற அம்பு வடிவ விண்மீன் கூட்டத்தின் முனையிலுள்ள காமா நட்சத்திரத்திலிருந்து வடக்கே 3.2°. எம் 1: ரிஷபத்தின் கொம்பு நுனியான சீட்டா நட்சத்திரத்திலிருந்து வடமேற்கே 1°. எம் 8: தனுசின் தேநீர்க்குடுவை வடிவத்தில் மூடியின் உச்சியான லாம்டா நட்சத்திரத்திலிருந்து மேற்கே ஐந்தரை டிகிரி.

எப்போதும் குறைந்த உருப்பெருக்கமுள்ள ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) தொடங்குங்கள். தொலைநோக்கியில் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் மூலைக்கண்ணாடி இருந்தால் காட்சி இடவலமாகப் புரண்டிருக்கும். வரைபடத்தையும் மென்பொருளில் அதே மாதிரி புரட்டி வைத்துக்கொள்ளாவிட்டால் எதிர்த்திசையில் தேடிக்கொண்டிருப்பீர்கள். தொலைநோக்கியின் அளவு வளையங்களையோ ஆயத்தொலைவுகளையோ வைத்து நேரடியாகக் குறிவைப்பவர்கள், பெரும்பாலான அட்டவணைகளின் எண்கள் 2000-ஆம் ஆண்டுக்கானவை என்பதைக் கவனியுங்கள். பூமி அச்சின் சுழற்சித் தள்ளாட்டத்தால் அவை ஆண்டுக்கு 50 ஆர்க்விநாடி அளவு நகர்கின்றன. இன்று அது நிலவின் அகலத்தில் பாதிக்கும் மேல்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு முறை கைபேசியின் வெள்ளைத் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நெபுலாவை நேராக வெறிக்காமல் சற்றுத் தள்ளி, 10–15° பக்கவாட்டில் பார்வையை வையுங்கள். விழித்திரையின் நடுவில் மங்கலொளி உணரும் குச்சிச் செல்கள் இல்லை, ஓரத்தில்தான் இருக்கின்றன.

சரியான இடத்தில் குறிவைத்தும் தெரியவில்லை என்றால், அந்தப் பகுதியில் எவ்வளவு மங்கலான நட்சத்திரம்வரை தெரிகிறது என்று வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வழக்கமாகத் தெரிபவை காணவில்லை என்றால் மெல்லிய மேகமோ, லென்ஸில் படிந்த பனியோ காரணம். வானம் சரியாக இருந்தால் தொலைநோக்கிக் குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். அசையாமல் இருக்கும்போது மறைந்திருக்கும் மங்கல் திட்டை, அசைவில் கண் பிடித்துவிடும். சிறிய கோள்வடிவ நெபுலாக்களில் (வளையத்தைப் போன்ற வகை) பிரச்சினை வேறு: கண்ணுக்கு முன்னே இருக்கும், ஆனால் நட்சத்திரங்களுக்கு நடுவே எது என்று தெரியாது. அப்போது ஓ-3 வடிகட்டியை ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே பிடித்து உள்ளே வெளியே நகர்த்துங்கள். வடிகட்டி குறுக்கே வரும்போது சுற்றியுள்ள எல்லாப் புள்ளிகளும் மங்கும். மங்காமல் நிற்கும் ஒன்றுதான் நெபுலா.